செம்மண் மேடு

ஒரு விரல். எதிரே குந்தியிருந்த ஜெயக்கொடி இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஒற்றை விரலை நீட்டினான். முகத்தைத் தூக்கவில்லை. ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து, இரண்டு விரல் என்றால் கடைசி நேரத்தில் கீழே விழுகிற பந்து. பதினோரு மாதமாக அவனுக்கும் காளிராஜுக்கும் நடுவில் இருக்கிற பேச்சு மொத்தமும் இந்த இரண்டு விரல்தான். எறிகிறவன் ஒருவன், அதை வாங்குகிறவன் ஒருவன், பேஸ்பாலில் இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று தவமணி சார் சொல்வார். சொல்லும்போதெல்லாம் பையன்கள் ஊளையிடுவார்கள், ஜெயக்கொடி முந்தானையை இழுத்துவிடுகிற மாதிரி நெஞ்சுக் கவசத்தை இழுத்துவிட்டுக்கொள்வான். அந்தக் கவசத்துக்குப் பின்னால் இப்போது என்ன இருக்கிறது என்று காளிராஜுக்குத் தெரியவில்லை. கடைசிச் சுற்று. ஒரே ஓட்டம் முன்னால் இருக்கிறார்கள், மட்டையோடு நிற்கிற இந்த நெட்டையனை மட்டும் வெளியே அனுப்பிவிட்டால் மாவட்டக் கோப்பை. மூன்று நல்ல பந்தை அவன் தவறவிட வேண்டும், அதற்குள் காளிராஜ் நான்கு பந்தைத் தப்பாகப் போட்டுவிடக் கூடாது. இரண்டு மூலைகளில் எதிரணி ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள், ஓர் அடி சரியாக விழுந்தால் போச்சு. போகட்டுமே. இந்த ஆட்டத்தோடு சரி என்று காலையிலேயே முடிவுபண்ணியாகிவிட்டது. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, கையுறையைக் கழற்றித் தவமணி சார் மேஜையில் வைத்துவிட்டு, ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் இருக்கிற நோட்டையும் அதன் மேலேயே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கையை உயர்த்தினான். உயர்த்தும்போதே வலது தொடையில் போன் அதிர்ந்தது. விர் விர்ரென்று, சதைக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. பந்து வெளியே போனது. தப்புப் பந்து ஒன்று. தொடையைத் தடவிப் பார்த்தான், பாக்கெட் காலி. போன் அங்கே இல்லை என்று தெரியும், தெரிந்தும் தொடை நம்பவில்லை.

ஆட்டம் தொடங்கும்போதே நடுவர் சொல்லிவிட்டார். "பாக்கெட்ல என்னய்யா புடைச்சுக்கிட்டு? போனா? வெளிய வைங்க, எங்கயாச்சும் பட்டு ஒடைஞ்சா நானா பொறுப்பு?" வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும். பதினோரு மாதமாகக் காளிராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் எறிகிறான் என்று உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஓட்டக் கணக்கு எழுதும் மேஜையில் தவமணி சாருக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தான். சத்தத்தைக் கூட்டி, திரை மேலே தெரிகிற மாதிரி, காற்றில் தாள் பறக்காமல் இருக்க அவர் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் சாய்த்து. "அடிச்சா கையைத் தூக்குங்க சார்" என்றான். "தூக்குறேன்டா, நீ பந்தைப் பாரு" என்றார் சார். இங்கிருந்து பார்த்தால் மேஜை தெரிகிறது, பாட்டில் தெரிகிறது, போன் தெரியவில்லை, வெயில் அப்படி.

காலடியில் மண் சரிந்தது. குனிந்து பூட்ஸ் நுனியால் மேட்டைச் சரிபண்ணினான். இது அவர்கள் போட்ட மேடு. கரிசல் பூமியில் மேடு நிற்காது, மழை பெய்தால் களியாக ஓடும், காய்ந்தால் வாய் வாயாகப் பிளக்கும். அதற்காகக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு டிராக்டர் செம்மண் வாங்கிவந்து, ஒன்பது பேரும் வெறுங்காலோடு மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். கறுத்த மைதானத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். "அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றான் ஜெயக்கொடி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காதவர்கள்தான் எல்லோரும். தவமணி சார் எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஒரு சாக்கு நிறையக் கையுறைகளோடு வந்து இறங்கினார். மாட்டுத்தோல் நாற்றம் அடித்தது, எது எந்தக் கைக்கு என்று தெரியாமல் வலக்கைக்காரர்கள் எல்லோரும் வலக்கையிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஊரில் யாருக்கும் அது என்ன ஆட்டமென்று புரியவில்லை. "எறிபந்தாய்யா?" என்று கேட்பார்கள். "இல்ல சித்தப்பா, பேஸ்பால்." "சரி சரி, கிரிக்கெட்டுதான?" "இல்ல சித்தப்பா." "அப்ப ஸ்டம்பு எங்க?" அதோடு விட்டுவிடுவான். மாநில அணியில் எடுத்து, முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டரை நாள் உட்கார்ந்தே சண்டிகருக்குப் போய், அங்கே ஒரே ஆட்டத்தில் பதினோரு பேரை வெளியே அனுப்பி, திரும்பி வந்தபோது செய்தித்தாளில் ஆறு வரி வந்திருந்தது, காளிதாஸ் என்று. அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியவள் மாரீஸ்வரி. காளிதாஸுக்கு மேலே பேனாவால் காளிராஜ் என்று திருத்தி எழுதி மாட்டினாள், அவர்கள் வீட்டுச் சுவரில். ஜெயக்கொடியின் தங்கச்சி. வேண்டாம். அவளை இப்போது நினைக்க வேண்டாம். பந்து, பந்து, விரலைப் பார். ஒரு விரல். எறிந்தான். டப்பென்று ஜெயக்கொடியின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அடிக்கிறவன் அசையவேயில்லை. நல்ல பந்து ஒன்று. "அப்பிடிப் போடுறா எங்கப்பன் மவனே!" என்று பின்னாலிருந்து பாலமுருகன் கத்தினான். ஜெயக்கொடி பந்தைத் திருப்பி எறிந்தான். முன்பெல்லாம் அந்தத் திருப்பி எறிவில் ஒரு வசவு கூட வரும்.

ஊரில் அவர்களுக்குப் பேர் கிடைத்தது ஆட்டத்தால் இல்லை. பட்டாசு ஆலை ஒன்று வெடித்த மதியம், ஜன்னலெல்லாம் அதிர்ந்து, தெற்கே புகை பூசணிக்காய் மாதிரி எழும்பி நின்றது. பயிற்சியில் இருந்தவர்கள் அப்படியே ஓடினார்கள். தூக்கிச் சுமக்க ஒன்றும் மிச்சமில்லை என்று போலீஸ்காரர்கள் விரட்டிவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போங்கடா, அங்கே ரத்தம் கேக்குறாங்க" என்றார் ஒரு ஏட்டையா. போனார்கள். ஒன்பது பேரும் வரிசையாகப் படுத்தார்கள், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்குத்தான் காளிராஜுக்குத் தன் ரத்தம் என்ன வகை என்று தெரிந்தது. ஓ நெகட்டிவ். நர்சம்மா அட்டையை இரண்டு தடவை பார்த்தார். "தம்பி, உங்க நம்பரைக் குடுங்க. உங்களை மாதிரி ஆளை விடக் கூடாது." அங்கே ஆரம்பித்தது. ஒரு நோட்டுப் போட்டான், பேர், வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. ஒன்பது பேர் நூற்று நாற்பதானார்கள். சலூன்காரர், பாத்திரக்கடை அண்ணாச்சி, இரண்டு வாத்தியார்கள், அச்சாபீஸ் பையன்கள். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக்காரர் சொல்வார், "பேஸ்பால் பசங்களைக் கூப்புடுங்க." ஒரு கிழவர் பேரன் பிழைத்த சந்தோஷத்தில் கேட்டாராம், "நல்ல புள்ளைக. ரத்தம் குடுக்குறதுதான் வேலையா, இல்ல வேற சோலியும் உண்டா?" "ஏதோ பந்தும் எறிவாய்ங்களாம்" என்றாராம் டீக்கடைக்காரர். ஜெயக்கொடி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நூற்று நாற்பதில் ஓ நெகட்டிவ் இரண்டே பேர். காளிராஜ் ஒருவன், வங்கியில் வேலை பார்த்த ஒரு சார் இன்னொருவர். அவருக்கும் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு முந்தைய அந்த நாளில், அவன் கடைசியாகக் கொடுத்துத் தொண்ணூற்றேழு நாள் ஆகியிருந்தது. கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். ஏழு நாள் உபரி. அந்த ஏழு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால். இரண்டு விரல். விழுகிற பந்து. எறிந்தான், அடித்தவனின் மட்டை நுனியில் பட்டு வேலிக்கு வெளியே சீமைக்கருவேலத்துக்குள் போனது. வெளியே போன அடி, அதுவும் தவறவிட்ட கணக்கில் ஒன்று. நல்லது இரண்டு, தப்பு ஒன்று. இன்னும் ஒரு பந்து சரியாகப் போட்டால் முடிந்தது.

வேறு பந்து வரும்வரை நின்றான். ஒரு பந்து சரியாகப் போட்டால் முடிந்தது என்பதை மனசு அவளிடம்தான் கொண்டுபோகிறது, எதைத் தொட்டாலும் அங்கேதான் போகிறது. மாரீஸ்வரிக்கு அப்போது ஏழாம் மாசம், ஆஸ்பத்திரி அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்தாள். அவன் வேலை பார்க்கிற பிளெக்ஸ் கடையில் மை வாசம் ஆகாது என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றே கத்தினாள். "காளிண்ணே, இங்க பாருங்க. உங்க ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதானாம், அட்டையில போட்ருக்கு. எங்கண்ணன் பி பாசிட்டிவாம். அப்ப நீங்கதான் நெசமான அண்ணன், அவன் சும்மா ஒப்புக்கு." உள்ளே வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "அவன் உங்கள மாப்ளேங்குறான், நான் அண்ணேங்குறேன். மொறையே தாறுமாறா இருக்கேன்னு நெனச்சேன், இப்பத்தான் சரியாச்சு." அதற்கு அவன் சொன்னான். வாயைத் திறந்து, நாலு பேர் முன்னால், பெரிய இவன் மாதிரி சொன்னான். "ஒரு போனைப் போடு தாயி, எந்த மூலையில இருந்தாலும் வந்து நிப்பேன்." போட்டாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போட்டாள். போனில் அது இன்னும் இருக்கிறது, பதினேழு மிஸ்டு காலில் முதலாவது, சிவப்பு எழுத்தில் மாரி தங்கச்சி. மிச்சம் பதினாறும் அவள் அம்மா, திருப்பூரிலிருந்து அவள் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி நர்சம்மா, தெரியாத நம்பர்கள். முதலாவது மட்டும் அவளே. அவளே கையால் தேடி, அவன் பேரைத் தொட்டு, காதில் வைத்து, அந்தப் பக்கம் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? காளிண்ணே என்று ஆரம்பித்திருப்பாள். அதற்குமேல் மனசு போகவில்லை, எத்தனை தடவை அனுப்பினாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

போன்களைப் போடுகிற பையைக் கொண்டுவந்தது ஜெயக்கொடி. அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில், கையில் வந்து விழ வேண்டிய பந்தைப் பாலமுருகன் விட்டுவிட்டான். பாக்கெட்டில் போன் அடித்திருக்கிறது, யாரென்று பார்க்கக் கை போயிருக்கிறது. தோற்றார்கள். மறு ஆட்டத்துக்கு ஜெயக்கொடி பச்சைக் கலரில் ஒரு பட்டாளத்துப் பையோடு வந்து நின்றான். "எல்லாப் பயலும் போனை உள்ள போடு. பந்து கையில இருக்குற வரைக்கும் எவனுக்கும் ஆத்தா கெடையாது, ஆளும் கெடையாது." போட்டார்கள், ஜிப்பை இழுத்து மூடினான், ஜெயித்தார்கள். அடுத்ததிலும் ஜெயித்தார்கள். ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தபின் அது ராசியாகிவிட்டது. பையை ஜெயக்கொடிதான் மூட வேண்டும், ஜெயக்கொடிதான் திறக்க வேண்டும், கோப்பையோடு போட்டோ எடுத்து முடியும்வரை திறக்கக் கூடாது. கிறுக்குத்தனம்தான். ஆனாலும் அந்த ஜிப் சத்தம் கேட்டால்தான் காளிராஜுக்கே கையில் சூடு ஏறும். அவள் போன் போட்ட அன்றைக்கு வெளியூரில் இறுதி ஆட்டம், வேனில் ஒரு மணி நேரம். அவளுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பையை நீட்டியபோது காளிராஜ் தயங்கினான். நிஜமாகவே தயங்கினான், அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. "மாப்ள, என்னோடது மட்டும் வெளிய இருக்கட்டும். ரத்தத்துக்கு யாராச்சும் கூப்பிட்டா." அதற்கு ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். காளிராஜும் சிரித்துவிட்டுப் போனை உள்ளே போட்டான். மணி இரண்டரை. ஜெயக்கொடி சொன்னதை இந்தப் பதினோரு மாதத்தில் அவன் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொன்னதில்லை. அந்த வாக்கியம் வருகிற இடம் வந்தால் மனசைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், வழியில் பாம்பு கிடந்தால் சுற்றிப் போகிற மாதிரி. ஒரு விரல். எறிந்தான். உயரே போய்விட்டது. தப்பு இரண்டு.

அப்புறம் அந்த இருபது நிமிஷம். ஆட்டம் முடிந்தது ஐந்து பத்துக்கு. சிறந்த எறிவீரன் என்று தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்கள். போட்டோக்காரர் போதும் என்றார். "அண்ணே, மேட்டுல நின்னு ஒண்ணு எடுப்போம்" என்றது யார்? காளிராஜ். "கோப்பையைத் தலையில கவுத்துக்கிட்டு ஒண்ணு" என்றது? அதுவும் அவன்தான். பையைத் திறந்தபோது ஐந்தரை. ஜிப்பை இழுத்ததும் உள்ளே ஒன்பது போனும் ஒரே வெளிச்சமாக, இரண்டு மூன்று சேர்ந்து நடுங்கிக்கொண்டு, கூடைக்குள் மீன் துடிக்கிற மாதிரி கிடந்தன. வேனை எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாது. கோப்பை உருண்டு உருண்டு வேனின் தகரத்தில் அடித்துக்கொண்டே வந்தது, எடுத்து நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரிப் படியில் கால் வைத்தார்கள். இருந்த இரண்டு பை ரத்தமும் ஏற்றியாகிவிட்டது, வெளியூரிலிருந்து வர வேண்டியது வழியில் இருக்கிறது என்றார்கள். குழந்தை பிறந்துவிட்டது, பொம்பளைப் பிள்ளை, நல்லா இருக்கிறது, தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. படுத்தான். ஊசி ஏறியது. கையில் அந்த ஊர் மேட்டு மண் காய்ந்து ஒட்டியிருந்தது, நர்சம்மா அதைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து நரம்பைத் தேடினார். பை நிறைய ஆரம்பித்தது. கையை மூடித் திற, மூடித் திற. பாதி நிறைந்திருக்கும், அப்போதுதான் வராண்டாவில் ஜெயக்கொடி கத்தினான். அது என்ன சத்தம். ஆம்பளை குரலும் இல்லை, பொம்பளை குரலும் இல்லை. காளிராஜ் எழுந்திருக்கப் போனான். நர்சம்மா தோளைப் பிடித்து அழுத்திவிட்டார், அவர் கண்ணிலும் தண்ணீர். "அசையாதீங்க தம்பி. வேற யாருக்காச்சும் ஆகும்." படுத்துக் கிடந்தான். வெளியே அவன் கத்தக் கத்த, இவன் ரத்தம் நிதானமாக, சொட்டுப் பிசகாமல், பையை நிறைத்துக்கொண்டிருந்தது. அதை யாருக்கு ஏற்றினார்கள்? ஊரில் யாரோ ஒருவர் அதை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார். பஸ்ஸில், சந்தையில், கடை வாசலில் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பான். நீங்களா? அவளுக்கு வைத்திருந்தது உங்களிடமா இருக்கிறது?

மறுநாள் காலையில் கடை முதலாளி கேட்டார், உன்னால முடியுமாடா, இல்ல வேற பையனை வச்சு அடிக்கட்டுமா என்று. அவனே செய்தான். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ், பத்தடிக்கு ஆறடி. அவளுடைய படம் வேறு நல்லதாக இல்லை, வளைகாப்புப் படம்தான் இருந்தது. கன்னத்துச் சந்தனத்தை அழிக்க வேண்டியிருந்தது. கன்னத்தைத் தாங்கிய கையில் முழங்கைவரை வளையல், அதை வெட்ட வேண்டியிருந்தது. வெட்ட வெட்டச் சிரிப்பு மட்டும் போகாமல் அப்படியே நின்றது. அதே மெஷினில் முந்தின நாள் காலையில், ஜெயித்துவிடுவோம் என்ற திமிரில், பாலமுருகன் சொல்லி ஒன்று அடித்து வைத்திருந்தார்கள். வெற்றி நாயகன் காளிராஜ், கை உயர்த்தின படத்தோடு. அது சுருட்டி மூலையில் நின்றது. அவளுடையதை எடுத்துக்கொண்டு போய் ஜெயக்கொடி வீட்டு வாசலில் இவனே கட்டினான். ஜெயக்கொடி வெளியே வந்தான், படத்தைப் பார்த்தான், கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்து மரத்தில் முடிச்சுப் போட்டான், உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. திட்டவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை, அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆட்டத்துக்கு வருகிறான், குந்துகிறான், விரலைக் காட்டுகிறான், போகிறான். எதற்கு வருகிறான் என்று காளிராஜுக்குப் புரிவதில்லை. உன்னைக் கண் முன்னால் வைத்துக் கொல்கிறேன் என்கிறானோ. இருக்கட்டும். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. இன்றோடு அதையும் முடித்துக்கொடுத்துவிடலாம். வேலிப்பக்கம் அவள் வீட்டுக்காரர் லோகநாதன் வந்திருக்கிறார், திருப்பூரிலிருந்து லீவு. தோளில் துண்டு, துண்டில் பிள்ளை. பதினோரு மாசம் ஆகிறது, பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். இவ்வளவு தூரத்திலும் அது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவது அவளை மாதிரியே இருக்கிறதோ. பார்க்காதே. மேஜையைப் பார், போனைப் பார், ஒரு தடவை பார்த்துவிட்டு எறி. பார்த்தான். தவமணி சார் நோட்டின் மேல் குனிந்திருந்தார். பாட்டில் இருந்தது. மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்ததில் மேஜை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது, பாட்டில், பென்சில், தாள், விசில். போன் இல்லை.

இல்லை. கீழே விழுந்திருக்குமோ. மேஜைக்கு அடியிலும் ஒன்றும் தெரியவில்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எத்தனை நேரமாக இல்லை, அடித்திருந்தால், இப்போது அடித்துக்கொண்டிருந்தால், யாரோ ஒருத்தி யாரோ ஓர் அண்ணனின் பேரைத் தொட்டுவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு. "சார்" என்று கூப்பிட்டான், சத்தம் மேஜைவரை போகவில்லை. தொடை மறுபடி அதிர்ந்தது. இடது தொடையும் அதிர்ந்தது. நெஞ்சு அதிர்ந்தது. நடுவர் "எறிங்கய்யா" என்றார். விரலைப் பார்க்காமலே எறிந்தான். பந்து மண்ணில் குத்தி எழும்ப, ஜெயக்கொடி உடம்பையே குறுக்கே போட்டு நெஞ்சால் அடித்து அதை நிறுத்தினான். நல்ல வேளை, அது பின்னால் போயிருந்தால் மூலையில் நின்றவன் ஓடி வந்திருப்பான். நெஞ்சில் வாங்கியவன் பந்தை எடுக்குமுன் ஒரு கணம் கையை நெஞ்சில் வைத்துத் தடவிப் பார்த்தான். நன்றாக அடிபட்டிருக்க வேண்டும். தப்பு மூன்று, நல்லது இரண்டு. அநேகமாக அடுத்த பந்தில் இவன் கணக்கு தீர்ந்துவிடும்.

ஜெயக்கொடி எழுந்தான். நடுவரிடம் கை காட்டிவிட்டு முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். மேட்டை நோக்கி. பாலமுருகன் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பதினோரு மாதத்தில் அவன் இந்தச் செம்மண்ணில் கால் வைக்கவில்லை. கிட்டே வர வர, கன்னத்தில் வேர்வையும் புழுதியும் கோடு போட்டிருப்பதும், இளைத்திருப்பதும் தெரிந்தது. இவ்வளவு இளைத்திருக்கிறானா, எத்தனை நாளாகக் கவனிக்கவில்லை. வந்து நின்றான். பந்தைக் கொடுக்கவில்லை.

"போனைத் தேடுறியா?"

காளிராஜ் தலையாட்டினான்.

ஜெயக்கொடி கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்து வழியாக நெஞ்சுக் கவசத்துக்குள் கையை விட்டான். காளிராஜின் போன் பாதி வெளியே வந்தது. திரையில் குறுக்கே ஒரு கீறல், புதுசு. "நீ வச்ச ஒடனே எடுத்துட்டேன். அங்க வெயில்ல வச்சா அடிக்கிறது தெரியாது. மொதச் சுத்துல இருந்து நீ எறியிறப்பல்லாம் இங்கதான் இருக்கு, நாம மட்டை புடிக்கிறப்ப மட்டும் திருப்பி வச்சுருவேன். அதிர்ந்தா எனக்குத் தெரியும்." மறுபடி உள்ளே தள்ளினான். "அடிக்கல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மாப்ள..."

"பேசாத. நான் பேசிக்கிர்றேன்." பந்தை இரண்டு கையாலும் பிசைந்தான். "ஏன்டா யார்ட்டயும் சொல்லல?"

"என்னத்த?"

"என்னத்தவா. அன்னைக்கி நீ போனை வெளிய வைக்கிறேன்னு சொன்னேல்ல. நான் என்ன சொன்னேன்? மூணு மணி நேரத்துல ஊரே செத்துப்போயிருமாக்கும், போடுறா உள்ளேன்னு சொன்னேன்." அவன் அதைச் சொன்ன விதம், அன்றைக்குச் சொன்ன அதே சிரிப்பு ராகத்தில், முகம் மட்டும் வேறாக. "எங்கம்மாட்ட நீ சொல்லுவேன்னு நெனச்சேன். மச்சான்ட்டச் சொல்லுவேன்னு நெனச்சேன். தெனம் நீ வந்து சொல்லப்போறேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ என்னமோ நீதான் கொன்ன மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரியிற. உன் மூஞ்சியப் பாக்க முடியலடா. என் போன்லயும் கெடக்கு, இருபத்தி மூணு. மொத ஆறும் அவ."

காளிராஜ் வாயைத் திறந்தான். இருபது நிமிஷம் போட்டோ எடுக்கச் சொன்னது நான் என்று சொல்ல வேண்டும். தாயி என்று சொன்னது நான் என்று சொல்ல வேண்டும். பதினோரு மாதமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு வாசலில் நெரிபட்டது. நடுவர் தூரத்திலிருந்து கூப்பிட்டார். "என்னய்யா அங்க கல்யாணப் பேச்சா? நேரமாகுது."

"அந்த ஜிப்பை மூடுனது இந்தக் கைதான்" என்றான் ஜெயக்கொடி. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் சிவப்பாகச் செம்மண் ஒட்டியிருந்தது. பந்தைக் காளிராஜின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். "போடு. என்னத்தையாச்சும் போடு. நோட்டை மட்டும் சார்ட்டக் குடுத்துறாத. காலைல நோட்டோட வந்த உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுருச்சு." முகமூடியை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். போய்க் குந்தினான். விரலைக் காட்டவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. வெறும் உள்ளங்கையை விரித்துக் கவசத்தின் மேல், இடது பக்கம், வைத்துக்கொண்டான்.

காளிராஜ் கையை உயர்த்தினான். தொடை அதிரவில்லை. எறிந்தான். நேர்ப்பந்துதான், வேகமில்லாமல், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிற மாதிரி போனது. நெட்டையன் முழுத் தெம்போடு சுழற்றினான். மட்டை சத்தம் பள்ளிக்கூடச் சுவரில் போய் மோதித் திரும்பியது. பந்து காளிராஜின் தலைக்கு மேலே ஏறி ஏறிப் போனது. மூலையில் நின்றவர்கள் ஓடினார்கள், பாலமுருகன் எனக்கு எனக்கு என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான், தவமணி சார் நோட்டை விட்டுவிட்டு எழுந்தார், லோகநாதன் பிள்ளையின் தலையை நிமிர்த்தி வானத்தைக் காட்டினார். மைதானத்தில் எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பார்க்கவில்லை. காளிராஜ் ஜெயக்கொடியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி முகமூடிக்குள்ளிருந்து காளிராஜைப் பார்த்து, மெல்ல, தலையை இரண்டு பக்கமும் அசைத்தான். இல்லை. போன் அடிக்கவில்லை. பின்னால் எங்கோ ஒரு பெரிய சத்தம் எழும்பியது, சந்தோஷமா துக்கமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.